ராமநாதபுரம் கரையில் மலேரியா மூலக்கூறு ஆய்வு: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. முடித்த கையோடு ஒரு புராஜெக்டில் சேர்ந்திருக்கிறீர்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் போய் மலேரியாவுக்கு ரத்த மாதிரி எடுத்து வந்து, டி.என்.ஏ. பிரித்து, அதைப் பல மடங்காகப் பெருக்கிக் கிருமியைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். ஓட்ட வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். கல்லூரியில் பி.சி.ஆர். செய்திருப்பீர்கள். ஆனால் அங்கே டி.என்.ஏ. தயாராகக் குப்பியில் வந்திருக்கும். இங்கே அது கடற்பாசி எடுக்கும் ஒரு அம்மாவின் விரலிலிருந்து வர வேண்டும், கடற்காற்றில் காய வேண்டும், மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். ரிசல்ட் கெடுவது பெரும்பாலும் மெஷினில் இல்லை, ஊரில் ரத்தம் எடுக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் லேபைவிட ஊருக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஊசியைத் தொடும் முன் நோயைப் படியுங்கள்

தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் மலேரியாவில் பெரும்பங்கு பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற கிருமியால் வருவது. பால்சிபேரம் குறைவு. இந்த இரண்டும் ரத்தத்தில் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. அந்த வித்தியாசம் புரியாவிட்டால், பின்னால் எந்தப் பரிசோதனை ஏன் தவறவிட்டது என்பதும் புரியாது.

வைவாக்ஸ் கிருமி எல்லாச் சிவப்பணுவுக்குள்ளும் நுழையாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் அணுக்கள்தான், அதாவது ரெட்டிகுலோசைட்டுகள்தான், அதற்கு வேண்டும். ஒருவர் ரத்தத்தில் இவை நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். கிருமி அணுவைப் பிடித்துக்கொள்ள அணுவின் மேற்பரப்பில் உள்ள டஃபி என்ற புரதத்தைப் பயன்படுத்துகிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பணுவில் இந்தப் புரதம் இல்லை, அங்கே வைவாக்ஸ் அரிதாக இருப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். இளம் அணுவை அது எப்படி அடையாளம் காண்கிறது என்ற கேள்விக்கு 2018-ல் ஒரு விடை கிடைத்தது: இரும்புச் சத்தை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்ஃபெரின் ரிசப்டர் இளம் அணுக்களில்தான் மிச்சமிருக்கும், கிருமியின் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. இதனால் நமக்கு என்ன என்றால், வைவாக்ஸ் நோயாளியின் ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஸ்லைடில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பால்சிபேரம் அப்படியில்லை. எந்த வயது அணுவுக்குள்ளும் நுழையும். நுழைந்த பிறகு பி.எஃப்.இ.எம்.பி.1 என்ற புரதத்தை அணுவின் மேல் நீட்டி, நுண்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலுக்குப் போய் வடிகட்டப்படாமல் தப்பிக்கத்தான் இந்த வேலை. இதற்கான ஜீன்கள் சுமார் 60 வைத்திருக்கிறது. ஒன்றை நம் உடல் அடையாளம் கண்டதும் இன்னொன்றுக்கு மாறிவிடும். வளர்ந்த கிருமிகள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டிக் கிடக்கும்போது விரல் நுனி ரத்தத்தில் மோதிர வடிவ இளங்கிருமிகள் மட்டுமே தெரியும். ஸ்லைடில் கொஞ்சம்தானே இருக்கிறது என்று அசட்டையாக இருக்கக் கூடாது என்பது இதனால்தான். நோயின் உண்மையான சுமையை அளக்க, கிருமி வெளியே விடும் ஹெச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை ரத்த நீரில் அளக்கும் முறை இருக்கிறது. ஒளிந்திருக்கும் கிருமிகளும் அந்தப் புரதத்தை விடுவதால் கணக்கில் வந்துவிடுகின்றன.

வைவாக்ஸில் இன்னொரு தொல்லை, ஈரலில் உறங்கிக் கிடக்கும் கிருமி வடிவம், ஹிப்னோசோயிட். ரத்தக் கிருமியைக் குளோரோகுயின் கொன்றுவிடும். உறங்குவதை அது தொடாது. வாரங்களோ மாதங்களோ கழித்து அது விழித்துக்கொண்டால் மறுபடி அதே குளிர் காய்ச்சல். இதற்குப் பிரைமாகுயின் 14 நாள் கொடுக்கிறார்கள். ஜி6பி.டி. என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையால் சிவப்பணுக்கள் உடையும். அந்த என்சைம்தான் அணுவுக்குள் என்.ஏ.டி.பி.ஹெச். என்ற காப்புப் பொருளைத் தயாரிக்க உதவி, ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து அணுவைக் காப்பாற்றுகிறது. காப்பு இல்லாத இடத்தில் மாத்திரையின் சிதைபொருள்கள் போய்த் தாக்கினால் அணு உடைந்துவிடும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். உங்கள் ஆய்வில் ஜி6பி.டி. இல்லாவிட்டாலும் இதைத் தெரிந்து வைத்திருங்கள். மாத்திரை சாப்பிடும் ஒருவர் உங்களிடம் "தம்பி, ஒண்ணுக்குக் கறுப்பாப் போகுது" என்று சொன்னால், அவரை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இந்தத் தீவின் கொசு

கொசு உங்கள் வேலை இல்லை என்று நினைக்கலாம். ராமேஸ்வரம் தீவில் அப்படி ஒதுங்க முடியாது.

மணல் பூமி. நல்ல தண்ணீர் சில அடியில் கிடைக்கும், அதற்குக் கீழே போனால் உப்பு. அதனால் தென்னந்தோப்பிலும் சவுக்குத் தோப்பிலும் ஆழமில்லாத குழிகளைத் தோண்டி, அதில் ஊறும் தண்ணீரை மொண்டு ஊற்றுவது இங்குள்ள வழக்கம். தெளிந்த, அசையாத, உப்பில்லாத தண்ணீர். அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு முட்டையிட இதைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டுத் தொட்டிகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளரும் ஸ்டெஃபன்சி வேறு இனம், அதுவும் மலேரியாவைப் பரப்பும்.

குலிசிஃபேசிஸ் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ஐந்து இனங்கள்: ஏ, பி, சி, டி, இ. கண்ணால் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. இதில் பி இனம் மனித மலேரியாவை அநேகமாகப் பரப்புவதில்லை. ஆனால் ராமேஸ்வரம் தீவில் பி இனம் என்று கருதப்பட்ட கொசுக்களிடையே மலேரியா இருந்தது. இந்த முரண்பாட்டைத் துருவியவர்கள், பெண் கொசுக்களின் ஆண் வாரிசுகளில் ஒய் குரோமோசோம் இரண்டு விதமாக இருப்பதைக் கண்டார்கள். ஒரு விதம் பி, மற்றது புதிய இனம். நோயைப் பரப்பியது அந்தப் புதிய இனம்தான். 1999-ல் அது 'இ' என்று அறிவிக்கப்பட்டது. பிற்பாடு மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.2 ஜீனை வைத்து பி.சி.ஆரிலேயே இரண்டையும் பிரிக்க முடிந்தது. மூலக்கூறு ஆய்வு எதற்கு என்று யாராவது உங்களைக் கேட்டால், இந்தத் தீவின் கதையையே சொல்லலாம். வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அக்கரையில், தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது தலைமன்னார். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கிவிட்டது. இந்தியாவின் இலக்கு 2030.

அனுமதி

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் ஒரு துளி ரத்தம்கூட எடுக்காதீர்கள். "எப்படியும் வந்துடும், நீ போய்ட்டு வா" என்று யார் சொன்னாலும் சரி. அப்புறம் மாவட்டச் சுகாதார அலுவலருக்குக் கடிதம், அந்தந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்குக் கடிதம். சுகாதார ஆய்வாளரையும் கிராம சுகாதார செவிலியரையும் நேரில் போய்ப் பாருங்கள். எந்தத் தெருவில் போன வருஷம் காய்ச்சல், யார் வெளியூர் போய் வந்தார்கள், எந்தத் தோப்பில் குழி அதிகம் என்பதெல்லாம் அவர்கள் நாக்கு நுனியில் இருக்கும்.

ஊர் அனுமதி தனி. மீனவக் குடியிருப்பில் ஊர்த்தலைவர், தங்கச்சிமடம் பாம்பன் பக்கம் பங்குத்தந்தை, கீழக்கரை பெரியபட்டினம் பக்கம் ஜமாத். இவர்கள் சரி என்று சொன்னால் ஊருக்குள் நுழையலாம், அவ்வளவுதான். அது தனி மனிதர்களின் சம்மதம் ஆகாது. ஒவ்வொருவரும் அவரவர்க்காகச் சம்மதிக்க வேண்டும். வீட்டுக்காரர் தலையாட்டினார் என்பதற்காக மனைவியின் விரலைப் பிடிக்காதீர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதோடு 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்தில். படிக்கத் தெரியாதவரிடம் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டி, உங்கள் குழுவைச் சேராத ஒரு சாட்சியை வைத்துக் கைநாட்டு. படிவத்தில் ஒரு கேள்வி தனியாக இருக்க வேண்டும்: மிச்ச ரத்தத்தை வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா, கூடாதா. பலர் இதைப் பொடி எழுத்தில் கடைசியில் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை. குழிகளில் தண்ணீர் நிறைந்து கொசு பெருகும் காலமும் அதை ஒட்டித்தான். ஆனால் அந்த மாதங்களில் ஆண்கள் வீட்டில் கிடைப்பது கடினம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டோ படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டோ. இரண்டு சுற்று போக முடிந்தால் ஒன்றை மழைக்குப் பிறகும் ஒன்றைத் தடைக்காலத்திலும் வையுங்கள். ஒரே சுற்றுதான் என்றால் கிருமி இருக்கும் காலத்துக்கே போங்கள். ஆட்கள் எளிதாகக் கிடைக்கிறார்கள் என்பதற்காகக் கோடையில் போய், மலேரியாவே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

ராத்திரிக் கடலுக்குப் போய் வந்தவர் காலையில் தூங்குவார். எழுப்பாதீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் டீக்கடையிலேயே பாதிப் பேரைப் பார்க்கலாம். பாசி எடுக்கும் பெண்கள் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போய் வருவார்கள். அந்த நேரத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டிலேயே இப்படி ஒரு கேள்வி வரும்:

"ஏய்யா, போன வருசமும் இப்படித்தான் ரத்தம் எடுத்துட்டுப் போனாக. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. நீயும் அப்படித்தானா?"

"இல்ல ஆத்தா, கார்டு ரிசல்ட் இங்கயே கால் மணி நேரத்துல சொல்லிடுவேன். லேபுக்குப் போறது ரெண்டு மூணு மாசம் ஆகும். அதையும் நர்சம்மாகிட்ட குடுத்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுவோம்."

இந்தப் பதிலைச் சொல்வதற்கு முன், அப்படி நிஜமாகவே செய்ய உங்கள் திட்டத்தில் ஏற்பாடு இருக்கிறதா என்று கைடிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்பாடு இல்லையென்றால் போவதற்கு முன்பே செய்ய வையுங்கள்.

படிவம்

பெயர், வயது, பால், தொழில், காய்ச்சல் எத்தனை நாள், என்ன மாத்திரை சாப்பிட்டார். இவை எல்லாப் படிவத்திலும் இருக்கும். இங்கே முக்கியம் பயணம். இந்தக் கரையிலிருந்து கேரளா, கர்நாடகா, குஜராத் துறைமுகங்களுக்குப் படகு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. வைவாக்ஸ் மாதக்கணக்கில் உறங்கி எழும் என்பதால், போன மாதம் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. போன ஒரு வருஷத்தில் எங்கெங்கே ராத்தங்கினீர்கள் என்று கேளுங்கள். ஊர்ப்பெயர் மறந்திருந்தால், "அந்தோணியார் திருவிழா சமயம் எங்க இருந்தீங்க அண்ணே" என்பது மாதிரிக் கேட்டால் ஞாபகம் வந்துவிடும்.

ஒரே தெருவில் மூன்று அந்தோணி, இரண்டு முனியசாமி இருப்பார்கள். பட்டப்பெயர் இல்லாமல் ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. பெயரும் பட்டப்பெயரும் படிவத்தில் மட்டும். ஸ்லைடிலும் காகிதத்திலும் 'தமடம் 0231' என்பது போலக் குறியீடு மட்டும். அதையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்துபோகும், வெறும் கண்ணாடித் துண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

விரலும் துளியும்

இடது கை மோதிர விரல் என்று புத்தகம் சொல்லும். இந்தக் கரையில் முதலில் விரல்களைப் பாருங்கள். பாசி எடுக்கும் பெண்கள் பாறையிலும் பவளத்திலும் கையை விட்டுப் பறிக்கிறவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு போனாலும் கீறல் இருக்கும். வெட்டு இல்லாத விரலாகத் தேர்ந்தெடுங்கள். கயிறு இழுக்கும் ஆண்களுக்கு விரல் நுனி காய்த்துப் போயிருக்கும், நடுவில் குத்தினால் ரத்தம் வராது. நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள்.

கருவாடு, உப்பு, மீன் செதில் எல்லாம் கையில் ஒட்டியிருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்பிரிட் பஞ்சு. ஸ்பிரிட் முழுக்கக் காயட்டும். ஈரத்தில் குத்தினால் துளி உருண்டு நிற்காமல் பரவிவிடும், ஸ்லைடில் அணுக்களும் சிதைந்து தெரியும். லான்செட்டால் ஒரே குத்து. முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். விரலைப் பிழியாதீர்கள், அடியிலிருந்து நுனி நோக்கி லேசாக நீவினால் போதும். பிழிந்தால் திசு நீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். ஏற்கனவே கிருமி குறைவான வைவாக்ஸில் அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

அடுத்தடுத்த துளிகளுக்கு வரிசை: கார்டு (அங்கேயே ரிசல்ட் காட்டும் ரேபிட் கார்டு), ஸ்லைடு (மைக்ரோஸ்கோப்பில் பார்க்க), காகிதம் (லேபில் டி.என்.ஏ. பிரிக்க). கார்டு முதலில், ஏனென்றால் நீங்கள் மற்ற இரண்டையும் முடிப்பதற்குள் அது ஓடிக்கொண்டிருக்கும். குத்திய லான்செட் நேராக ஓட்டை போட முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். கையுறை சிவப்புப் பை, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பை. இதில் ஒன்றைக்கூட ஊரில் விட்டுவிட்டு வரக் கூடாது. பிள்ளைகள் பொறுக்கி விளையாடும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போடாமல் நீங்களும் இந்த வேலைக்குக் கிளம்பாதீர்கள்.

கார்டும் ஸ்லைடும்

ரேபிட் கார்டு இரண்டு பொருளைத் தேடுகிறது. பால்சிபேரத்துக்கு ஹெச்.ஆர்.பி.2, வைவாக்ஸுக்கு அதன் எல்.டி.ஹெச். என்சைம். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்குள் படியுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மங்கலாகப் புதுக்கோடு தெரியும், அதை நம்ப முடியாது. கார்டுப் பெட்டியை வேனில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். ஹெச்.ஆர்.பி.2 பற்றி இரண்டு விஷயம். கிருமி செத்த பிறகும் அது ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும், அதனால் சமீபத்தில் மருந்து எடுத்தவருக்குப் பாசிட்டிவ் காட்டலாம். இன்னொரு பக்கம், அந்த ஜீனையே இழந்துவிட்ட பால்சிபேரம் 2010-ல் பெருவில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு இந்தியா உட்படப் பல நாடுகளிலும். அதற்குக் கார்டு நெகட்டிவ் காட்டும். காய்ச்சல் அப்படியே இருக்கும்.

ஸ்லைடில் ஒரு பக்கம் தடித்த பூச்சு, மறுபக்கம் மெல்லிய பூச்சு. தடித்ததில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாம், மெல்லியதில் எந்தக் கிருமி என்று பார்க்கலாம். மெல்லியதை மட்டும் மெத்தனாலில் பதப்படுத்துங்கள். தடித்ததில் மெத்தனால் பட்டால் சிவப்பணு கரையாது, உள்ளே எதுவும் தெரியாது. கரையோர ஊர்களில் இரண்டு சங்கடம். மெத்தனால் பாட்டிலைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு அணுக்கள் அரித்தது போலத் தெரியும். மூடியை இறுக்குங்கள். அடுத்தது தண்ணீர். ஊர்க் குழாயிலும் கிணற்றிலும் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் ஜீம்சா சாயத்தைக் கலக்கினால் நிறம் மாறி, கிருமியின் உட்கருச் சிவப்பும் உடல் நீலமும் பிரிந்து தெரியாது. பி.ஹெச். 7.2-க்குச் சரிசெய்த தண்ணீரைக் கேனில் கொண்டுபோங்கள், கழுவவும் அதையே பயன்படுத்துங்கள். காயும் ஸ்லைடை ஈயும் கரப்பானும் நக்கிவிடும் என்பதால் பெட்டிக்குள் வையுங்கள்.

எண்ணுவது எளிது. 200 வெள்ளணு எண்ணும்வரை கண்ணில் படும் கிருமிகளை எண்ணுங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 8000 வெள்ளணு என்று வைத்துக்கொள்வது வழக்கம். 200-க்கு 15 கிருமி என்றால், 15-ஐ 8000-ஆல் பெருக்கி 200-ஆல் வகுக்க, 600 வரும். தடித்த பூச்சில் மைக்ரோஸ்கோப்பின் 100 பார்வைப் புலங்கள் பார்த்தாலும் நீங்கள் பார்த்த ரத்தம் கால் மைக்ரோலிட்டர்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

காகிதம் காய்வதுதான் பெரிய பாடு

வாட்மேன் 3எம்எம் என்ற வடிதாளில் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் 50 மைக்ரோலிட்டர் அளவு ஒரு துளி. விரலைக் காகிதத்தில் தேய்க்காதீர்கள், துளி தானாக ஊறி இறங்கட்டும். பின்புறமும் அதே அளவு சிவப்பு தெரிந்தால் சரியாக ஊறியிருக்கிறது. ஒரே வட்டத்தில் இரண்டாவது துளியை வைக்க வேண்டாம்.

மதுரையில் இரண்டு மணி நேரத்தில் காய்கிற காகிதம் நவம்பர் மாதத் தங்கச்சிமடத்தில் ராத்திரி முழுக்க வைத்தாலும் பிசுபிசுக்கும். அதை அப்படியே ஜிப் கவரில் போட்டால் இரண்டே நாளில் பூசணம். வெயிலில் வைத்தால் காயும், ஆனால் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வை வெட்டும், சூடு ஹீமோகுளோபினைக் காகிதத்தோடு இறுக்கிவிடும், லேபில் கழுவினாலும் போகாது. நான் பரிந்துரைப்பது இது: மூடி இறுக்கமான ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சிலிக்கா ஜெல், மேலே கம்பி வலை. காகிதங்கள் ஒன்றையொன்று தொடாமல் வலைமேல் கிடக்க வேண்டும். மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ரத்தம் அடர் சாக்லேட் நிறத்துக்கு வந்து, தொட்டால் காகிதம் மொடமொடவென்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில், உள்ளே ஒரு சின்னச் சிலிக்கா பாக்கெட்டோடு போட வேண்டும். நீலச் சிலிக்கா ரோஸாகிவிட்டால், ஆரஞ்சு ரகம் பச்சையாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது, மாற்றுங்கள். ஓவனில் சூடாக்கினால் மறுபடி பயன்படும்.

நன்றாகக் காய்ந்த காகிதத்துக்கு ஐஸ் பெட்டி தேவையில்லை. பையில் வைத்து ரயிலிலேயே கொண்டுவரலாம். ஜி6பி.டி. என்சைமைக் காகிதத்திலிருந்து அளக்கும் திட்டம் இருந்தால் மட்டும் இந்தச் சலுகை இல்லை. டி.என்.ஏ. சூட்டைப் பொறுக்கும், என்சைம் பொறுக்காது. சூட்டிலும் ஈரத்திலும் அதன் வேலைத்திறன் குறைந்து, நல்ல ஆளையும் குறைபாடுள்ளவராகக் காட்டிவிடும். அதற்குக் குளிர்ச்சியும் அவசரமும் வேண்டும்.

லேபில்

3 மி.மீ. பஞ்ச்சால் ஒரு துண்டு வெட்டினால் அதில் இருப்பது சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம். நோயாளியின் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு ஒரே கிருமி என்றால் உங்கள் கையில் இருப்பது மூன்று கிருமி. டி.என்.ஏ. பிரிக்கும்போது பாதி போனால் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ, அதிலும் ஒரு பகுதியைத்தான் பி.சி.ஆர். குழாயில் விடுகிறீர்கள். அறிகுறி இல்லாதவர்களிடம் தேடும் ஆய்வு என்றால் மூன்று நான்கு துண்டுகளாவது வெட்டுங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "பி.சி.ஆர். எல்லாத்தையும் பிடிச்சிடும்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் வெறும் காகிதத்தைச் சில முறை வெட்டிப் பஞ்ச்சைச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் முந்தினவரின் மலேரியா அடுத்தவருக்கு வந்துவிடும்.

செலவு குறைந்த முறை செலக்ஸ் என்ற பிசின் துகள்களை வைத்துச் செய்வது. துண்டுகளைச் சபோனின் கரைசலில் ராத்திரி ஊறப்போட்டால் சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியேறும். பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் காகிதம் வெளுக்கும்வரை கழுவுங்கள். ஹீமோகுளோபினின் ஹீம் பகுதி மிச்சமிருந்தால் பி.சி.ஆர். நொதியை முடக்கும். பிறகு செலக்ஸ் சேர்த்துக் கொதிநிலையில் பத்து நிமிஷம். டி.என்.ஏ.வை அறுக்கும் நொதிகளுக்கு வேண்டிய உலோக அயனிகளைச் செலக்ஸ் பிடித்து வைத்துக்கொள்ளும். சுழற்றி மேல் நீரை எடுத்தால் அதுதான் டி.என்.ஏ. இது நெடுநாள் தாங்காது. சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, சீக்கிரம் ஓட்டிவிடுங்கள்.

பி.சி.ஆர். குறிவைப்பது பெரும்பாலும் 18எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. ஜீன். கிருமியின் ஜீனோமில் இது பல பிரதிகள் இருப்பதால் பிடிபட வாய்ப்பு அதிகம். 1993 முதல் புழக்கத்தில் இருக்கும் நெஸ்டட் முறையில் முதல் சுற்று பிளாஸ்மோடியம் எதுவானாலும் பெருக்கும், இரண்டாம் சுற்று இனத்தைப் பிரிக்கும். ஜெல்லில் 205 பேஸ் நீளத்தில் பட்டை வந்தால் பால்சிபேரம், 120-ல் வந்தால் வைவாக்ஸ். 120-ஐப் பிரைமர் டைமரோடு (பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டி உண்டாகும் குட்டித் துண்டு) குழப்பிக்கொள்ளாமல் இருக்க, நீளம் காட்டும் 50 பேஸ் ஏணி போடுங்கள், ஜெல் இரண்டு சதவீதம் இருக்கட்டும். முதல் சுற்றுக் குழாயைத் திறப்பதுதான் ஆபத்தான நொடி, கோடிக்கணக்கான பிரதிகள் காற்றில் கலக்கும். கலவை தயாரிக்கும் அறை, டி.என்.ஏ. சேர்க்கும் இடம், பெருக்கியதைத் திறக்கும் இடம் மூன்றும் வேறாக இருக்க வேண்டும், கோட்டும் பிப்பெட்டும்கூட. கன்ட்ரோல்களில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஊரிலேயே உங்கள் காகிதங்களோடு சேர்த்து உலர்த்திய ரத்தமில்லாக் காகிதம் ஒன்றையும் முதல்படியிலிருந்து ஓட்டுங்கள்.

மூன்று ரிசல்ட்டும் மூன்று விதமாக வந்தால்

வரும். பயப்படாதீர்கள். களத்தில் ஸ்லைடு பிடிப்பது மைக்ரோலிட்டருக்கு 50 முதல் 100 கிருமிக்கு மேல், கார்டு 100 முதல் 200, பி.சி.ஆர். ஒற்றை இலக்கத்தில். ஸ்லைடும் கார்டும் நெகட்டிவ், பி.சி.ஆர். பாசிட்டிவ் என்றால் கிருமி குறைவாக இருக்கிறது, அல்லது கலப்படம். அந்த மாதிரியைப் புதிதாகத் துண்டு வெட்டி மறுபடி செய்யுங்கள். கார்டு பால்சிபேரம் பாசிட்டிவ், மற்ற இரண்டும் நெகட்டிவ் என்றால் படிவத்தில் மருந்துக் கட்டத்தைப் பாருங்கள். ஸ்லைடு பாசிட்டிவ், பி.சி.ஆர். நெகட்டிவ் என்றால் ஹீம் மிச்சமிருக்கலாம், காகிதம் கெட்டிருக்கலாம், குறியீடு மாறியிருக்கலாம். முதலில் மனித ஜீன் ஒன்றைப் பெருக்கிப் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் பிரச்சினை டி.என்.ஏ.வில்.

ஒருவருக்கு மறுபடி வைவாக்ஸ் வந்தால் அது உறங்கி எழுந்ததா, புதிய கொசுக்கடியா? கிருமியின் ஜீன் வகையைப் பார்க்கும் ஜீனோடைப் செய்து பார்த்துவிடலாம் என்று உற்சாகமாகத் தொடங்குவார்கள். உறங்கி எழுவது முன்பு பார்த்த வகையாகவும் இருக்கலாம், ஈரலில் உடன் கிடந்த வேறு வகையாகவும் இருக்கலாம். அதனால் வகை மாறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் புதுத்தொற்று என்று எழுதிவிட முடியாது. மருந்து எதிர்ப்பும் அப்படித்தான். பால்சிபேரத்துக்குக் கெல்ச்13, சி.ஆர்.டி. ஜீன்களில் பார்க்க வேண்டிய மாற்றங்கள் தெரியும். வைவாக்ஸின் குளோரோகுயின் எதிர்ப்புக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஜீன் அடையாளம் இன்னும் இல்லை. இந்தக் கரையில் கிடைக்கப்போவது பெரும்பாலும் வைவாக்ஸ்தான், ஆகவே திட்ட அறிக்கையில் பெரிய வாக்குறுதி கொடுக்க வேண்டாம்.

ரிசல்ட்டை ஊருக்குக் கொடுப்பது

கார்டில் பாசிட்டிவ் வந்தவரை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். மாத்திரை கொடுப்பது உங்கள் வேலை இல்லை. பிரைமாகுயினைக் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் கொடுப்பதில்லை என்பதால், பெண்களை அனுப்பும்போது கர்ப்பமா என்பதைக் குறிப்புச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

சிக்கல், இரண்டு மாதம் கழித்து பி.சி.ஆரில் மட்டும் பாசிட்டிவ் வருகிறவர்கள். காய்ச்சலே இல்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஆராய்ச்சி லேபின் ரிசல்ட்டை வைத்து மட்டும் சிகிச்சை தொடங்க மாட்டார்கள், சுகாதார நிலையத்தில் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். அதற்காகச் சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கொசு அவரைக் கடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகும். யார் சொல்வது, யார் மறுபரிசோதனை செய்வது, ஆள் குஜராத்துக்குப் படகேறியிருந்தால் யாருக்குப் போன் செய்வது என்பதை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஊர்க்கூட்டத்தில் பேசும்போது பெயர் எதுவும் வேண்டாம், தெருவும் வேண்டாம். இருபது வீடுள்ள தெருவைச் சொன்னாலே ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மொத்த எண்ணிக்கை, எந்த மாதம் அதிகம், எந்த வகைக் குழியில் புழு இருந்தது, பயன்படாத குழிகளை மூடினால் போதும், பயன்படும் குழியில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். இவ்வளவு சொன்னால் தோப்புக்காரர்களிடமிருந்து கேள்விகள் வரும். பதில் தெரியாததைச் சுகாதார ஆய்வாளரிடம் விட்டுவிடுங்கள், அவரையும் கூட்டத்துக்கு அழைத்திருப்பீர்கள்தானே. அடுத்த சுற்று எந்த மாதம் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டு வந்தால், செவிலியர் அதற்குள் வெளியூரிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலைத் தயாராக வைத்திருப்பார்.